கம்போடியா டூருக்கு நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பு டூர் என்ன ஆயிற்று என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் கேட்கிறீர்கள். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டம் இதுதான்: எட்டு நாள் கம்போடியா, மூன்று நாள் அங்கோர்வாட், மிச்ச நாளெல்லாம் சியெம் ரீப்பில் ஓர் அநாதை இல்லத்தில் 'சேவை', கிளம்பும்போது ஒரு சான்றிதழ். அங்கோர்வாட்டைத் தாராளமாகப் பார்க்கட்டும். அந்த இல்லத்துக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

2005-க்கும் 2010-க்கும் இடையில் கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்கள் 154-லிருந்து 269 ஆகப் பெருகின. அந்த ஐந்து வருடத்தில் அத்தனை பிள்ளைகள் ஒன்றும் புதிதாக அநாதையாகிவிடவில்லை. அங்கே இருந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். பிறகு எப்படி வந்தார்கள்? டவுனில் வைத்து இங்கிலீஷ் படிக்க வைக்கிறோம், மூன்று வேளையும் சோறு என்று ஊருக்குள் வந்து ஒருவர் சொன்னால், கையில் ஒன்றும் இல்லாத தாய் அனுப்பத்தான் செய்வாள். அப்புறம் அந்தப் பிள்ளை சாயங்காலமானால் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் அப்சரா நடனம் ஆட வேண்டும், தெருவில் நின்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிள்ளை மெலிந்திருந்தால்தான் நன்கொடை வருகிறது என்று அரை வயிற்றோடு வைத்திருந்த இடங்களும் உண்டு. இப்படிக் காசுக்காகப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் நவீன அடிமைமுறைதான் என்று ஆஸ்திரேலியா 2018-இல் ஒப்புக்கொண்டது. நேபாளத்திலும் இதே கதை. ஹும்லா மாதிரி மலை மாவட்டங்களிலிருந்து காத்மாண்டுவுக்குத் தரகர்கள் கூட்டிவந்தார்கள்.

நம் பள்ளியில், பெற்ற தகப்பனே வந்தாலும் கேட்டில் நோட்டில் பெயர் எழுதாமல் உள்ளே விடுவதில்லை. அதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள்கூட உங்களில் இருக்கிறீர்கள்! அங்கே மட்டும் முன்பின் தெரியாத பதினாறு வயதுப் பிள்ளைகள் நேரே போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமாம். யார் வந்தாலும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து நாம் உருகுகிறோம், போட்டோ எடுக்கிறோம். நான்கு நாளில் நாம் விமானம் ஏறிவிடுவோம், அடுத்த வாரம் வேறொரு கூட்டம் வரும், அந்தக் குழந்தை எத்தனை பேரைத்தான் வழியனுப்பும்?

நானும் யோக்கியன் இல்லை. மூன்று வருடம் முன்பு நம் பிள்ளைகளைக் கூட்டிப் போய் ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சுவரில் பெயிண்ட் அடித்தோமே, நினைவிருக்கிறதா? ப்ரைமர் அடிக்காமல் அடித்தது, ஒரே மழையில் உரிந்துவிட்டது. அந்த ஊர் பெயிண்டரைக் கூலிக்கு வைத்துத் திரும்ப அடித்தார்கள், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே போன வருடம்தான் தெரியும்.

வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஏதாவது வேண்டாமா என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கவலைதான், ஆனால் அதற்கு இன்னொருவர் பிள்ளையைத் தர முடியாது.

சரி, டூர் இருக்கிறது. அங்கோர்வாட் மட்டும், ஐந்து நாள். கட்டிய அட்வான்ஸில் மிச்சம் வருவதை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் கோபம் இருந்தால் சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வாருங்கள், பேசுவோம். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்