பழைய கணினிகளை மாற்றுவதற்கு முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு (பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள்) 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்த பின்னர், திருகோணமலை நகரிலும் நிலாவெளி, கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலும் உள்ள அலுவலகங்களும் விடுதிகளும் தம்மிடமுள்ள கணினிகள் அனைத்தையும் ஒரேயடியாக மாற்றுவதற்கு எங்களிடம் விலைமனுக் கோருகின்றன. புதியவற்றை விற்பதே எங்கள் தொழில். ஆயினும், இனி எந்த விலைமனுவுடனும், இருப்பவற்றைத் திருத்திப் பயன்படுத்த எவ்வளவு செலவாகும் என்ற கணக்கையும் இணைத்தே அனுப்புவோம்.

ஒரு மடிக்கணினி தன் ஆயுள் முழுவதும் சூழலுக்கு ஏற்படுத்தும் கரிம உமிழ்வின் பெரும்பகுதி, உலோகங்களை அகழ்வதிலும் மின்னணுச் சில்லுகளையும் திரையையும் தயாரிப்பதிலும், அதாவது அது உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னரே, நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. எனவே நான்கு ஆண்டுகளில் கழிக்கப்படும் கணினியை எட்டு ஆண்டுகள் பயன்படுத்தினால், தயாரிப்பால் வந்த சுமை ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது. மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிக்கும் புதிய மாதிரியை வாங்குவதால் மட்டும் இதை ஈடுசெய்வது கடினம். வேகம் குறைந்த கணினிகள் பலவற்றுக்கு, பழைய வன்தட்டுக்குப் பதிலாக அதைவிட வேகமான சேமிப்பகமாகிய ஓர் எஸ்எஸ்டியும் சற்றுக் கூடுதலான ரேமும் (தற்காலிக நினைவகம்) போதும். அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவற்றில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் கடிதம், மின்னஞ்சல், இணையம் ஆகிய வேலைகள் தடையின்றி நடக்கும். கணக்கியல் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமானால், அந்த ஒரு கணினியை மாற்றுங்கள் என்றே நாங்களும் சொல்வோம்.

நம் ஊரில் கணினிகள் விரைவில் பழுதடைவதற்குக் கடற்காற்றும் ஒரு காரணம். உட்துறைமுகத்தை அண்டிய அலுவலகங்களில் உப்பும் ஈரமும் தூசியுடன் சேர்ந்து மின்சுற்றுப் பலகைகளையும் இணைப்பு முனைகளையும் அரிக்கின்றன. மாரிக்கு முன்னும் பின்னும் உட்புறத்தைத் துப்புரவு செய்வது, நாங்கள் செய்யும் எந்தத் திருத்த வேலையையும் விட மலிவானது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இரவில் அணைக்காமல் விடப்படும் மேசைக்கணினிகளே முதலில் கவனிக்கவேண்டியவை. சும்மா இருக்கும் ஒரு கணினி 40 வாட் எடுப்பதாகக் கொண்டால், 10 கணினிகள் 14 மணி நேரத்தில் 5.6 அலகு மின்சாரத்தை எவருக்கும் பயனின்றிச் செலவழிக்கும். சம்பூரில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அங்கே சூரிய மின்நிலையம் அமைக்கும் பணி 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது நம் மாவட்டத்துக்கே நிம்மதி தந்த செய்தி. ஆனால் இரவில் வீணாகும் மின்சாரத்தைச் சூரியன் தருவதில்லை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் உள்ளிட்ட ஏனைய மூலங்களே அதை வழங்கவேண்டியுள்ளது. சேவையக (சேர்வர்) அறையையும் 18 பாகை செல்சியஸில் உறையவைக்கத் தேவையில்லை. 25 பாகை போதும்.

இறுதியில் கழித்தேயாகவேண்டிய பொருள்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். 2022இல் உலகெங்கும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்வாசிக்கும் குறைவு. மின்தடையின்போது கணினிக்கு மின் தரும் யூபிஎஸ்ஸின் பற்றரியில் ஈயமும் அமிலமும், பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயமும் உள்ளன. செம்புக்காக வயர்களை எரித்தால் டயொக்சின் நச்சு வெளியாகிறது. ஆகவே இவற்றைக் குப்பையுடன் சேர்க்கவோ தெருவில் வரும் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடுக்கவோ வேண்டாம். எங்களிடம் ஒப்படைத்தால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளருக்கு அனுப்பி, அதற்கான பற்றுச்சீட்டின் பிரதியை உங்களுக்குத் தருவோம். வாடிக்கையாளர் விபரங்கள், நோயாளர் பதிவேடுகள் போன்றவை இருந்த வன்தட்டுகளை உங்கள் முன்னிலையிலேயே அழித்துத் தருவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருத்திற்கொண்டும் இதைச் செய்வது நல்லது.

விலைமனுக் கோரும்போது ஒவ்வொரு கணினியின் மாதிரி இலக்கம், வாங்கிய ஆண்டு, அதில் நடைபெறும் வேலை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நிர்வாகத்தினர்,
திருகோணமலை