உங்கள் பயனெட்டின் வயது

அன்புள்ள நண்பர் சிவராமனுக்கு,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கண் அறுவைக்குப் பிறகு சிறிய எழுத்துகள் எனக்கு நன்றாகவே தெரிகின்றன என்பதால், உங்கள் பயனெட்டில், அதாவது துப்பாக்கி முனையில் பொருத்தும் அந்தக் கத்தியில், உள்ள முத்திரைகளை நீங்கள் பெரிதாக்கி அனுப்பிய படங்களில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன்.

அலகின், அதாவது கத்தித் தகட்டின், அடியில், கைப்பிடியை ஒட்டிய தட்டையான பகுதியில் கிரீடமும் '1907' என்ற எண்ணும் இருப்பதைக் கண்டு, அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். 1907 என்பது மாதிரியின் பெயர். பிரிட்டிஷ் ராணுவம் தன் குட்டை லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்காக ஏற்றுக்கொண்ட அந்த வடிவத்தில் பின்னாளில் செய்யப்பட்டவற்றிலும் அதே எண் பொறிக்கப்பட்டது. உங்களுடையது பிறந்த காலத்தைச் சொல்வது, வரிசை எண் என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட '8 17'தான். முன்னது மாதம், பின்னது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். ஆக, 1917 ஆகஸ்ட். கிரீடத்தின் கீழுள்ள 'ஜி.ஆர்.' என்ற எழுத்துகள் ஐந்தாம் ஜார்ஜைக் குறிப்பவை. அவர் 1910இல்தான் அரியணை ஏறினார் என்பதால், இந்த ஒரு முத்திரையே 1907 என்ற கணக்கைத் தள்ளிவிடுகிறது. அடுத்துள்ள பெயர் வில்கின்சன், செய்த நிறுவனம்.

மறுபக்கத்தில் உள்ள அகன்ற அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதற்கும், பெருக்கல் குறி அலகை வளைத்துச் சோதித்ததற்கும் அடையாளம். சிறு கிரீடங்களும் எண்களும் பரிசோதகர்கள் இட்டவை. இரண்டு அம்புகள் முனையோடு முனை சந்திப்பதுபோல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ராணுவம் அதை முறையாகக் கழித்து விற்றிருக்கிறது என்று பொருள். கைப்பிடியின் கடைக்கோடிக் குமிழில் உள்ள துளையைப் பிற்காலத்தில் யாரோ போட்டது என்று சந்தேகிக்க வேண்டாம். துப்பாக்கியோடு பூட்டும் குழியில் சேரும் அழுக்கு வெளியேறுவதற்காக 1916 முதல் அது வந்துவிட்டது.

முத்திரைகள் இவ்வளவு தெளிவாக இருக்க, என்னைக் குழப்பியது நீங்கள் எடுத்த அளவுதான். 1907 மாதிரியின் அலகு 17 அங்குலம். நீங்கள் எழுதியிருப்பதோ 12. முதலில், அதற்கு முந்தைய 1903 மாதிரியாக இருக்குமோ என்று தோன்றியது. அதன் அலகு 12 அங்குலம்தான். ஆனால் அது இருபுறமும் கூர்மை கொண்டது. உங்களுடையதற்கு ஒரு பக்கம் மட்டுமே கூர். அதோடு முத்திரையும் 1907 என்கிறது. ஆகவே 17 அங்குலமாகப் பிறந்து பின்னர் வெட்டப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதை உறுதி செய்ய அலகின் பக்கவாட்டில் ஓடும் பள்ளத்தைப் பாருங்கள். முழு நீள அலகில் அந்தப் பள்ளம் ஏறத்தாழ 12 அங்குலம் ஓடி, முனைக்குச் சுமார் 3 அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடும். கைப்பிடிப் பக்கத்து தட்டைப் பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 12 அங்குலத்தில் வெட்டும்போது வெட்டு பள்ளத்தின் நடுவேதான் விழ வேண்டும். அப்போது பள்ளம் முனை வரைக்கும் ஓடி அங்கேயே முடியும். உங்கள் படத்தில் முனை சற்று மங்கலாக இருந்தாலும், அப்படித்தான் தெரிகிறது.

யார் வெட்டியது என்பதுதான் மீதிக் கேள்வி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பழைய 17 அங்குல அலகுகளை 12 ஆகக் குறுக்கினார்கள். 'நம்பர் 1, மார்க் 1 நட்சத்திரம்' என்று அவற்றுக்குப் பெயர். இச்சாப்பூர் தொழிற்சாலையில் புதிதாகச் செய்தவையும் உண்டு, ஆனால் அவற்றில் வில்கின்சன் பெயர் இருக்காது. விசித்திரம் என்னவென்றால், துப்பாக்கி குட்டையாகிவிட்டதே, எதிரியை எட்ட வேண்டுமே என்று 12ஐ 17 ஆக நீட்டிய அதே வகை ஆயுதத்தைப் பிறகு 12க்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெட்டிய வேலை ஒழுங்காக, இரு பக்கமும் சமமாகச் சாய்ந்து முனை வந்திருந்தால் அது தொழிற்சாலைக் கை. அரத்தின் கீறல்களோடு கோணலாக இருந்தால் வேலிச் செடி வெட்டுவதற்காக எவரோ வீட்டில் அறுத்தது. உறையும் குறுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் நல்ல சாட்சி.

கைப்பிடி மரத்தில் குறுக்காக இரண்டு பள்ளங்கள் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். அவை 1913 என்ற வேறொரு மாதிரிக்கு உரியவை. உங்களுடையது 1907 மாதிரிதான் என்று உறுதிசெய்ய, துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையத்தின் உள்விட்டம் 16.5 மில்லிமீட்டர் அளவில் வந்தால் போதும். கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள குறுக்குத் தகட்டில் கீழ்நோக்கி வளைந்த கொக்கி இல்லை என்றும் வருந்த வேண்டாம். 1913ஆம் ஆண்டிலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். கொக்கி உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் பின்னாளில் ஒட்டவைத்து விற்பவர்களும் உண்டு.

துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடாதீர்கள், மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். தேய்த்தால் பரிசோதகர் முத்திரைகள்தான் முதலில் மறையும். வெர்னியர் அளவுகோலில் வளையத்தை அளந்து, முனையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, குறுக்குத் தகட்டின் மேல் ஏதேனும் எண்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். படைப்பிரிவின் எண்ணாக இருக்கலாம்.

அன்புடன்,
கதிரேசன்