சட்டத்தில் மூன்று மாதம், தெருவில் எட்டு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் வெளியூரிலிருந்து சிறிய சம்பளத்துக்கு வேலைக்கு வருகிறவர்களை வாசற்படியிலேயே நிறுத்திவிடுவது மாத வாடகையைக் காட்டிலும், வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பு கேட்கப்படும் முன்பணம்தான் என்பதை அண்மையில் என் மகளுக்காக ஆறு நாள் அலைந்தபோதுதான் உணர்ந்தேன். அதைப் பற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்கும் அரசின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் மகளுக்குப் போரூரை ஒட்டிய பகுதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் மாதம் 24,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அதே ஆண்டில் அவளுடைய தம்பிக்கும் சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்ததால், இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்து, மன்னை விரைவு ரயிலில் வந்து தாம்பரத்தில் விடியற்காலையில் இறங்கினோம். சின்னதாக ஒரு படுக்கையறை, சமையலறை, தண்ணீர் வசதி, வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளை நடந்து வரக்கூடிய தெரு ஆகியவற்றைத் தவிர நாங்கள் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்தது. “ஃபேமிலியா, பேச்சிலரா?” என்று கேட்பார்கள். அக்காளும் தம்பியும் என்று சொன்னால், அது இரண்டில் எதிலும் சேராதது போலப் பார்ப்பார்கள். ஒருவர் என் மனைவியும் உடன் தங்குவாரா என்று கேட்டார். இன்னொருவர், “நீங்க எந்தப் பக்கம்?” என்று ஆரம்பித்து, மன்னார்குடி என்று சொன்ன பிறகும் விடாமல், ஊரைக் கேட்கவில்லை என்பதை எனக்குப் புரியவைத்தார். சைவம் மட்டும் என்று எழுதிய பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பத்து வீடு காலியாக இருந்தும் அதில் இரண்டுதான் நமக்குக் கிடைக்கும் என்ற நிலை வந்துவிட்டால், அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் கேட்கிற முன்பணத்தை மறுத்துப் பேசும் தெம்பு நமக்கு இருப்பதில்லை.

மூன்றாம் நாள் முகலிவாக்கத்தில் 8,500 ரூபாய்க்குத் தரைத்தளத்தில் ஒரு வீட்டைத் தரகர் காட்டினார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆனால் சமையலறை மேடைக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலையில், இடுப்பளவு உயரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு நேராக ஓடியது. அந்த மூலைக்கு மட்டும் தூரிகை போகவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அனைவருக்கும் தெரிந்ததுதான். தரகர் அதை ஈரக்கசிவு என்றார். நானும் மறுக்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். சென்னையில் ஒரு வீட்டின் வாடகை அக்கம்பக்கத்தைவிட மூவாயிரம் குறைவாக இருந்தால், அந்த மூவாயிரத்தை எந்த டிசம்பரில் திருப்பிக் கேட்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இறுதியில் அய்யப்பன்தாங்கலில் முதல் மாடியில் 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தது. உரிமையாளர் எட்டு மாத வாடகையைக் கணக்குப் போட்டு, 96,000 ரூபாயை முழுத் தொகையாக ஒரு லட்சமாகவே கொடுத்துவிடுங்கள் என்றார். அத்துடன் தரகருக்கு ஒரு மாத வாடகை 12,000, முதல் மாத வாடகை 12,000, பராமரிப்புக்கு மாதம் 1,500. ஆக, என் மகள் வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்பாகவே 1,25,500 ரூபாய் கையில் இருக்க வேண்டும். அது அவளுடைய ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை. ஓய்வூதியம் வாங்குகிற தகப்பன் ஒருவன் பின்னால் இருப்பதால் அவளுக்கு இது முடிந்தது. அப்படி யாரும் இல்லாமல் வருகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நான் பார்த்த வரையில், ஐந்து பேர் ஆறு பேராகச் சேர்ந்து ஓர் அறையில் அடைந்துகொள்கிறார்கள், அல்லது வட்டிக்கு வாங்குகிறார்கள்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், பாதுகாப்பு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பவையெல்லாம் அந்தச் சட்டத்தில் உள்ளவை. கணக்குப்படி, நான் கொடுக்க வேண்டியிருந்தது 36,000 ரூபாய்தான்.

இதை அந்த உரிமையாளரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, என்னைவிட அவர் சட்டத்தை நன்றாகவே படித்திருந்தார். “சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதிகம் வாங்கலாம்னும் அதே பிரிவுல இருக்கே” என்றார். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. வேறு விதமான உடன்பாடு இருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டவிரோதம் என்றுதான் அந்தப் பிரிவு தொடங்குகிறது. வீடு தேவைப்படுகிறவன் எதற்குத்தான் உடன்பட மாட்டான்? தெருவில் நிற்பவனுக்கும் சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கும் இடையில் ஏற்படுவதை உடன்பாடு என்று அழைத்து, அந்த ஒரு சொற்றொடரால் உச்சவரம்பு முழுவதையும் சட்டமே கரைத்துவிடுகிறது. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை வரம்பாக வைத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

உரிமையாளர்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் உரிமையாளரிடம் முன்பு எப்போதோ குடியிருந்த ஒருவர் ஏழு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு, மின்கட்டணத்தையும் கட்டாமல் இரவோடு இரவாகப் போய்விட்டாராம். வாடகையை நம்பியே மருந்து வாங்குகிற முதியவர்கள் பயப்படுவதில் தவறு இல்லை. ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கியானாலே காலி செய்யக் கோரலாம் என்றும், அதற்கென்று தனி வாடகை நீதிமன்றமும் தீர்ப்பாயமும் உண்டு என்றும் சட்டம் அவர்களுக்கு வழி செய்து கொடுத்திருக்கிறது. அந்த வழி வேகமாக நடந்தால் எட்டு மாதப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய தேவை இருக்காது.

ஆனால் அச்சத்தைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தரகர் தேநீர்க் கடையில் போகிற போக்கில் சொன்னார். முன்பு இருந்தவர் காலி செய்து மூன்று வாரம் ஆகியும் அவருடைய ஒரு லட்சத்தை உரிமையாளர் இன்னும் திருப்பித் தரவில்லை, நாங்கள் கொடுப்பதைத்தான் அவருக்குக் கொடுக்கப் போகிறார் என்றார். அதாவது முன்பணம் எங்கும் பத்திரமாக வைக்கப்படுவதில்லை. அது எப்போதோ வாங்கப்பட்டு, மாடி கட்டவோ மகள் திருமணத்துக்கோ செலவாகிவிட்டது. பின்னால் வருகிற ஒவ்வொரு குடித்தனக்காரரும் முன்னால் இருந்தவரின் கடனை அடைக்கிறார். இந்தச் சங்கிலியை அறுத்து 36,000 ரூபாய் மட்டும் வாங்க ஓர் உரிமையாளர் நினைத்தாலும், பழையவருக்குத் தர வேண்டிய மீதி 64,000 ரூபாயைத் தன் கையிலிருந்து எடுத்து வைத்தாக வேண்டும். அவர் மனசாட்சி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அந்தத் தொகை அவரிடம் இருப்பதில்லை. ஆகையால்தான் இதை வெறும் பேராசை என்று நான் எழுதவில்லை.

பேசிப் பேசி ஒரு லட்சத்தை 90,000 ஆகக் குறைத்தேன். அதற்கு என் மனைவியின் நகையை வங்கியில் 9 சதவீத வட்டிக்கு அடகு வைத்தோம். பாஸ்புக்கில் வட்டி போட்டே பழகிய புத்தி எனக்கு. உடனே கணக்குப் பார்த்தேன். ஆண்டுக்கு 8,100 ரூபாய், மாதத்துக்கு 675. காலி செய்யும்போது வர்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்களாம்; இரண்டு ஆண்டு இருந்தால் அது மாதத்துக்கு 500. பராமரிப்பு 1,500. ஆக, 12,000 என்று பலகையில் எழுதிய வீட்டின் உண்மையான வாடகை 14,675 ரூபாய். இதற்கு மேல், படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கும் உள்மீட்டர்படி யூனிட்டுக்கு 9 ரூபாய். வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற திட்டம் 2016 முதல் இருக்கிறது. ஆனால் தனி இணைப்பு இல்லாத குடித்தனக்காரருக்கு முதல் யூனிட்டே 9 ரூபாய்தான்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் இருப்பதால், கொஞ்சம் தள்ளி வீடு எடுத்தாலும் சமாளிக்கலாம் என்று மகள் சொன்னாள். அது உண்மைதான், அந்தத் திட்டத்துக்கு நான் நன்றியுடையவன். ஆனால் தள்ளி என்றால் எவ்வளவு தூரம்? போரூர் வழியாகப் பூந்தமல்லி நோக்கி மெட்ரோ தூண்கள் எழுந்தபோதே இரு பக்கத்து வீடுகளின் வாடகையும் சேர்ந்து எழுந்துவிட்டதாக அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. பணிபுரியும் பெண்களுக்கான தோழி விடுதிகள் நல்ல முயற்சி. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால் இவை தனியாக வரும் பெண்களுக்கானவை. அக்காளும் தம்பியும், புதிதாகத் திருமணமானவர்கள், வயதான தாயை உடன் அழைத்துவரும் மகன் போன்றோருக்கு இவற்றில் இடமில்லை. வீட்டுவசதி வாரியத்தின் வாடகைக் குடியிருப்புகள் அரசுப் பணியாளர்களுக்கு. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்டவை. அவர்களுக்கே அங்கு ஆயிரம் குறைகள். மாதம் 20,000 முதல் 30,000 ரூபாய் வரை சம்பாதிக்கும் ஒரு சிறு குடும்பம், அரசு சார்ந்த அமைப்பு ஒன்றிடமிருந்து மூன்று மாத முன்பணத்தில் வாடகைக்கு எடுக்கக்கூடிய வீடு எதையும் ஆறு நாளில் எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

புதிய வீடுகள் கட்டப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அறிவேன். முன்பண விஷயத்தில் மட்டும் அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. சட்டத்தின் அந்தப் பிரிவிலிருந்து உடன்பாட்டுக்கு விலக்கு அளிக்கும் சொற்களை நீக்குவது முதலாவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படி நீக்கினால் பழைய முன்பணத்தைத் திருப்பித் தர முடியாமல் தடுமாறும் உரிமையாளர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் மூலம் குறைந்த வட்டியில் ஒருமுறைக் கடன் கொடுத்துச் சங்கிலியை அறுக்கலாம். வாடகை வருமானமே அதற்குப் பிணையாக இருக்கும். ஒப்பந்தப் பதிவை இ-சேவை மையங்களில் செய்துகொள்ள வழிகாட்டி, அந்தப் பதிவு எண் ஒன்றையே எரிவாயு இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் முகவரிச் சான்றாக ஏற்கச் செய்தால், குடித்தனக்காரர்களே பதிவைக் கேட்டு வாங்குவார்கள். பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும், பதிவு தேவையில்லை என்ற பழைய வழக்கத்தையே இன்றும் தரகர்கள் சட்டம் போலச் சொல்லி வருகிறார்கள். அது தவறு என்று ஒரு வரி விளம்பரமாவது பேருந்துகளில் ஒட்டலாம்.

எங்கள் உரிமையாளர் முன்பணம் முழுவதையும் வங்கி வழியாகவே வாங்கிக்கொண்டார், ஒப்பந்தத்திலும் முழுத் தொகையையும் எழுதச் சம்மதித்தார். அந்த வகையில் அவர் நேர்மையானவர். பதிவுக்கு மட்டும் இன்று நாளை என்று மூன்று முறை தள்ளிவிட்டார். அடுத்த வாரம் அதற்காக மறுபடியும் ரயில் ஏறுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மன்னார்குடி.