தோடி எப்போது ஆரம்பிக்கும்?

பண்ணைக்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது கேட்டுச் சந்தோஷம். இங்கே காப்பிப் பழம் பறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. மிளகு இந்த வருஷம் பரவாயில்லை.

"இப்போ வர்றதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. 1992இல் 'ரோஜா' வந்தபோது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "கம்ப்யூட்டர் வாசிக்குது, இவங்க காசு வாங்குறாங்க" என்று தீர்ப்புச் சொன்னவன் நீ. இன்றைக்கு உன் போனுக்கு அடித்தால் அந்தப் படத்துப் பாட்டுதான் கேட்கிறது! உன் பேரன் இதே வசனத்தைத் தன் பிள்ளையிடம் சொல்லும்போது நாம் இருக்க மாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ரசனை மாறுகிறது என்பது பாதி கருவி மாறுகிற விஷயமோ என்று எனக்கு இப்போது சந்தேகம். இளையராஜா பாட்டை நாம் எதில் கேட்டு வளர்ந்தோம்? உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டரில். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி எடுபடாது. போன மாதம் மகள் தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். நமக்கு மனப்பாடமான பாட்டுதான். பல்லவிக்கு அடியில் பேஸ் கிட்டார் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறது மாப்ள! பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அது ஒரு எட்டு கீழே இறங்கிவிட்டு வருகிறது. இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, நம் பெட்டி விழுங்கிவிட்டது.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் அப்பாவுக்கு நாதஸ்வரம் டி.என். ராஜரத்தினம் பிள்ளை என்றால் உயிர். ரேடியோவில் அவருடைய தோடி ராக ஆலாபனை வந்துவிட்டால் வீட்டில் யாரும் பாத்திரத்தைக்கூட உருட்டக் கூடாது. தவிலும் இருக்காது, சொல்லும் இருக்காது, நாயனம் மட்டும் சுற்றிச் சுற்றி வரும். "எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்பேன். "ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு!" என்பார். நான் வெளியே ஓடிவிடுவேன்.

இப்போது களத்தில் காப்பி காயும்போது ராத்திரி காவலுக்கு நான்தான் படுக்கிறேன். போனில் அதே தோடியைப் போட்டுக்கொள்கிறேன். திடீரென்று எனக்கு ஞானம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதே. ராகமெல்லாம் பிரித்துச் சொல்லத் தெரியாது. சொல் உள்ள பாட்டு இந்த வயதில் தொந்தரவாக இருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். ஒரு வரி வந்தால் போதும், ஒரு முகம் வந்து நிற்கிறது. யார் என்று உனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன், உன் தங்கச்சி படிப்பாள். நாயனம் அப்படி யாரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. அப்பாவை மட்டும் சில நாள்.

ஏறக்குறைய பத்து வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் கேட்ட பாட்டுகள்தான் ஆளோடு அழுத்தமாக ஒட்டிக்கொள்கின்றன என்று மனோதத்துவக்காரர்கள் சொல்கிறார்கள். முதல் தடவையாக நடப்பவை பலவும் அந்த வயதில்தானே நடக்கின்றன. உன் சண்டையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. புதுப் பாட்டு மட்டம் என்பதில்லை, அதோடு உனக்கு ஒன்றுமே நடக்கவில்லை. என் மகளுக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதுதான் எனக்குக் கவலை!

பறிக்கிற பெண்கள் கொடைக்கானல் வானொலியின் கோடை பண்பலைதான் வைக்கிறார்கள். 100.5 உனக்கு மதுரையிலேயே கணீரென்று எடுக்கிறது, மலை முதுகுக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் கரகரக்கிறது. பண்பலை அலை நேர்கோட்டில் போகிற சாதி. உச்சியில் கோபுரம் வைத்தால் தூரத்துச் சமவெளிக்கு யோகம், காலடியில் மறைவில் இருப்பவனுக்கு இரைச்சல்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. நாம் காசு சேர்த்து, பிடித்த பாட்டுகளின் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்த அந்த அறுபது நிமிஷ கேசட் பரணில் அகப்பட்டது. இந்த மலை ஈரத்துக்கு நாடா ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், அறுபடவில்லை. மேலட்டையில் உன் கோழிக் கிறுக்கல் அப்படியே இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனால் ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஏதாவது அகப்படுமா என்று விசாரி. பூஞ்சையைத் துடைக்கத் தெரிந்த பழைய மெக்கானிக் இருந்தால் இன்னும் நல்லது.

பஸ்ஸில் காப்பித்தூள் கொடுத்துவிடுகிறேன். சிக்கரி சேர்க்கவா வேண்டாமா என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி