எங்கள் கைகளை நம்பியவர்களுக்கு

ஜூன் மாதப் பௌர்ணமியான பொசன் போயாவுக்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பேர வாவியில் நடந்த டிராகன் படகுப் போட்டியை உங்களில் பலர் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்ட கையோடு, இளஞ்சிவப்புச் சட்டை போட்ட பத்துப் பெண்கள் ஒரு சின்னப் படகில் வலித்துப் போனார்களே, அவர்களில் நானும் ஒருத்தி. முன்வரிசையில் இடப்பக்கம் இருந்தேன். அன்று எங்களுக்காக நிறையக் கைதட்டினீர்கள். எங்களை அந்தப் படகு வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் கூட்டத்துக்குள்ளேயே நின்றார்கள், அவர்களை யாருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பாதிப்பேர் என்னிடம் கேட்டுக்கொண்டதால் இங்கும் யார் பெயரும் வராது. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பத்துப் பேருக்கும் மார்புப் புற்றுநோய் வந்தது. பெரும்பாலானோர் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்தவர்கள். அறுவைச் சிகிச்சையின்போது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எங்களில் பலருக்கு எடுத்துவிட்டார்கள். கணுக்கள் போனால் அந்தக் கையில் சேரும் நிணநீர் வடிந்து போக வழி குறைந்துவிடும். கை வீங்கலாம். ஒருமுறை வீங்கினால் லேசில் வற்றாது. அதனால் அந்தக் கையில் ஊசி போட விடாதே, பிரஷர் பார்க்க விடாதே, பாரம் தூக்காதே என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் அதற்கு மேல். தேங்காய் துருவ விடமாட்டார்கள், வாளி தூக்க விடமாட்டார்கள், பேரப்பிள்ளை ஓடி வந்தால் யாராவது குறுக்கே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் அன்பினால்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருடம் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தால், அது யாரோ பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி ஆகிவிடுகிறது.

பிசியோதெரபி மிஸ், அதனால்தான் முதல் நன்றி உங்களுக்கு. கனடாவில் வன்கூவர் நகரத்து விளையாட்டு மருத்துவர் டொன் மெக்கென்சியின் கதையை நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். கையை ஆட்டி அசைத்துக் கடுமையாக வேலை செய்தால் வீக்கம் வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1996 இல் அவர் மார்புப் புற்றுநோயில் இருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றினார். படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, ஒரு பருவம் முழுக்க வலிக்க வைத்துப் பார்த்தார். அந்தப் பயிற்சியால் ஒருத்திக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அங்கே தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்க எங்களைப் போன்ற பெண்களின் படகுகளாகப் பெருகியிருக்கிறது. 2018 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்து ஆற்றில் அவர்கள் எல்லோரும் கூடிப் போட்டி நடத்திய படத்தை உங்கள் போனில் காட்டினீர்கள். பார்த்து முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் நீங்கள், "சரி, யார் வாறீங்கள்?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவரின் வைத்தியரிடமும் அனுமதிக் கடிதம் வாங்கி வரச் செய்து, மாதத்துக்கு ஒருமுறை நூல்நாடா வைத்து இரண்டு கைகளையும் அளந்து கொப்பியில் எழுதினீர்கள். அந்தக் கொப்பியை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முகத்துவாரத்து ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஐம்பது வருடம் கடலில் வலை போட்டவர் நீங்கள். சவள் என்கிற துடுப்பைப் பிடிக்கத் தெரியாத, பாதிப்பேருக்கு நீச்சலும் தெரியாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு பஸ் பிடித்து வந்தீர்கள். முதல் நாள் நாங்கள் எல்லோரும் தோளால் இழுத்தோம், பத்து நிமிடத்தில் களைத்துப்போனோம். நீங்கள் கரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "கையால இழுக்காதே பிள்ளை, முதுகால இழு. காலை ஊன்று. இடுப்பைத் திருப்பு. கை சும்மா சவளைப் பிடிச்சிருந்தாப் போதும்" என்று சொன்னீர்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கள் கைக்கு இவ்வளவு காலமும் எல்லோரும் தடைதான் சொன்னார்கள். நீங்கள் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். மிஸ் பிறகு அதைக் கேட்டுவிட்டு, உலகப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதேதான் என்றார்.

ஐயாவுக்கு நான் இந்தப் போட்டியின் பழைய கதையைச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் சீனத்தில் சூ யுவான் என்ற புலவர் நாடு அழிவதைப் பொறுக்காமல் மீலுவோ ஆற்றில் விழுந்துவிட்டார். ஊர் மக்கள் படகுகளை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார்கள். மீன்கள் அவர் உடலைத் தொடாமல் இருக்க மேளம் அடித்தார்கள், சோற்றுருண்டைகளைத் தண்ணீரில் போட்டார்கள். அந்தத் தேடல்தான் இந்த ஓட்டம் ஆனது என்பது அவர்கள் நம்பிக்கை. சீனர்களின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் அது, நம் கணக்கில் வளர்பிறைப் பஞ்சமியை ஒட்டி வரும். ஐயா கேட்டு முடித்துவிட்டு வெகுநேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேடிப் போறது எங்களுக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

படகுக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. போட்டி வரை படகும் பயிற்சிக்கு இடமும் தருவதாகச் சொல்லியிருந்த ஓர் இடத்தில், போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, "உங்களுக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அன்று இரவு எங்களில் சிலர் இது வேண்டாம், விட்டுவிடுவோம் என்று அழுதார்கள். மறுநாள் காலையில் உங்கள் படகைத் தந்தீர்களே, கோட்டையில் வேலை செய்யும் பிள்ளைகளே! உங்கள் அணியும் அதே படகில்தான் பழக வேண்டும். ஆறு மணி எங்களுக்கு, ஏழரை உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டீர்கள். ஏழரைக்குப் பயிற்சி என்றாலும் உங்களில் நாலு பேர் ஆறு மணிக்கே வந்து, நாங்கள் ஏறும்போது படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நன்றி மல்லி, நன்றி நங்கி, நன்றி தம்பிமாரே.

பேர வாவித் தண்ணீரைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறினால் பச்சையாகப் படர்ந்துவிடும். எங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. கணு எடுத்த கையில் ஒரு சின்னக் கீறலில் கிருமி போனாலும் காய்ச்சலும் வீக்கமுமாக வைத்தியசாலையில் கிடக்க நேரும். கொம்பனித்தெரு ஓட்டோ அண்ணா, இதை ஒரே ஒரு தடவைதான் உங்களிடம் சொன்னேன். அடுத்த சனியில் இருந்து இரண்டு பெரிய கலன்களில் நல்ல தண்ணீர் பின் இருக்கையில் வந்தது. கரைக்கு வந்த உடனே ஒவ்வொருவரும் தோள் வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் நீங்கள் வண்டியை எடுப்பீர்கள். பதினான்கு வாரம் ஒரு நாளும் தவறவில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஓட்டம் முடிந்து இரண்டு மணிக்குத்தான் படுத்தீர்கள் என்று உங்கள் மனைவி சொல்லி அறிந்தேன். எங்களில் ஒருத்திக்கும் இந்தப் பதினான்கு வாரத்தில் கையில் கிருமி ஏறவில்லை அண்ணா.

வெள்ளவத்தையில் இருந்து இடியப்பமும் கொத்தமல்லித் தண்ணியும் அனுப்பிய அன்ரிக்கு நன்றி. வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் போடும் இறுக்க உறைக்கு மேல் போடக்கூடியதாகக் கையை அகலமாக வைத்துச் சட்டை தைத்து, கூலியில் பாதியைத் திருப்பித் தந்த தையல்காரருக்கு நன்றி. சனிக்கிழமை காலையில் அடுப்படியைப் பார்த்துக்கொண்ட எங்கள் வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

மேளத்துக்கு வருகிறேன். சின்னப் படகில் பத்துப் பேர் வலிப்பார்கள், பின்னால் ஒருவர் சுக்கான் துடுப்புப் பிடிப்பார், முன்னால் எங்களைப் பார்த்தபடி ஒருவர் மேளம் அடிப்பார். பத்துத் துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போகாவிட்டால் பலசாலிகள் இருந்தும் பயனில்லை. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது எங்களுக்கு மேளம் அடிக்க ஆள் இல்லாமல் போனது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த தவில்காரத் தம்பி, கோயில் திருவிழா வேலைக்கு நடுவில் நீங்கள் வந்தீர்கள். ஒன்று இரண்டு என்று எண்ணினால் எங்களுக்கு மூச்சு வாங்கியது. நீங்கள் அதை மாற்றித் 'தக திமி' என்று சொல்லிக்கொடுத்தீர்கள். தக என்றால் இழு, திமி என்றால் முன்னே நீட்டு. இரண்டாவது சனியில் படகு முதல்முறையாகத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பத்துத் துடுப்பும் சேர்ந்து ஒரே 'சளக்'.

போட்டி நாளன்று தென்மேல் காற்றும் மழையும். நாற்பது நிமிடம் தாமதம். மழையில் எங்களை நிற்க விடாமல் தங்கள் கூடாரத்துக்குள் இடம் கொடுத்த ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி. அதைவிட இன்னொன்றுக்கு நன்றி. படகில் பொருத்தும் டிராகன் தலைக்கு ஓட்டத்துக்கு முன் தூரிகையால் கண் திறப்பார்கள். கோயில் விக்கிரகத்துக்குச் சிற்பி கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மற்றப் படகுகளுக்கு விருந்தினர்கள் கண் திறந்தார்கள். எங்கள் படகுக்கு யார் என்று கேட்டபோது நாங்கள் ஐயாவைக் காட்டினோம். ஒரு கேள்வி கேட்காமல் தூரிகையை அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூரிகையை வாங்கினார்.

இருநூறு மீற்றர். ஐந்து படகுகளில் நான்காவதாக வந்தோம். ஒருத்தியும் வலிப்பதை நிறுத்தவில்லை.

ஓட்டம் முடிந்ததும் உலகெங்கும் எங்களைப் போன்றவர்கள் செய்யும் ஒரு வழக்கம் இருக்கிறது. படகுகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி, போனவர்களுக்காக இளஞ்சிவப்புப் பூக்களைத் தண்ணீரில் விடுவார்கள். எங்களிடம் ஒரு படகுதான் இருந்தது. தனியாகச் செய்துவிட்டு வருவோம் என்று நினைத்திருந்தோம். மற்ற நான்கு படகுகளும் திரும்பி வந்து எங்கள் இரு பக்கமும் ஒட்டி நின்று, விளிம்புகளைப் பிடித்துக்கொண்டீர்கள். எங்களை முந்திப் போன மூன்று படகுக்காரரும் பரிசு வாங்கப் போக வேண்டிய நேரம் அது. கங்காராமை விகாரைக்குப் பக்கத்தில் பூ விற்கும் அக்கா காசு வாங்காமல் தந்த தாமரைகளை உங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். பெலிக்கன் பறவைகள் மேலே போய்க்கொண்டிருந்தன. யாரும் மேளம் அடிக்கவில்லை.

அந்தப் பூ யாருக்கு என்று சிலர் கேட்டீர்கள். வத்தளையில் இருந்து எங்களோடு வந்துகொண்டிருந்த அக்காவுக்கு. அவர் வலப்பக்கம், என் வரிசையில் எனக்குப் பக்கத்து இருக்கை. சித்திரையில் நோய் திரும்பி வந்தது, ஐந்து கிழமையில் போய்விட்டார். முதல் எட்டு வாரமும் எங்களுக்கு மேளம் அடித்தது அவருடைய மகள்.

தங்கச்சி, கடைசி நன்றி உங்களுக்கு. பதினாறு வயதில், பரீட்சைக்குப் படிக்கும் நேரத்தில், அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி எங்களை வலிக்க வைத்தீர்கள். அன்று நீங்கள் வந்திருந்தீர்கள், தாமரைக் கோபுரம் தெரியும் பக்கத்தில் குடையோடு தனியாக நின்றீர்கள். படகில் இருந்து நான் பார்த்தேன். கூப்பிட்டால் அழுதுவிடுவீர்களோ என்று கூப்பிடவில்லை. அம்மாவின் துடுப்பு என் வீட்டில் இருக்கிறது. கைப்பிடியில் அவர் சுற்றிய நீல நாடாவை அப்படியே வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது அது இங்கேயே இருக்கட்டும் என்றாலும் சரி. சனிக்கிழமைகளில் இன்னும் அதே இடத்தில், ஆறு மணிக்குத்தான் படகில் ஏறுகிறோம்.