பரணுக்குப் போன மெஷின்: எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு என் வீட்டுக்காரருக்கு, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துக் குழாய் மாதிரி ஆக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. அப்போது 116 கிலோ இருந்தார். எட்டே மாதத்தில் 84-க்கு வந்துவிட்டார். சர்க்கரை மாத்திரை பாதியானது. சட்டைகளையெல்லாம் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கு உங்கள் கூட்டத்துக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். ஆபரேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதுவது கட்டில் பக்கத்தில் இருந்த சிபாப் மெஷினைப் பற்றி, அதாவது தூங்கும்போது தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் மெஷின்.

ஆபரேஷனுக்கு முன்பு, தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். 62 என்று வந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் 62 தடவை மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைகிறது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான ஸ்லீப் ஆப்னியாவாம். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. குறட்டை திடீரென்று நின்றால் எழுந்து அவர் தோளை உலுக்குவது பல வருடமாக என் வேலை. மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்து என்று சில வாரம் முன்பிருந்தே மெஷின் போட வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரியும் போட்டார்கள். காற்று அழுத்தத்தில் தையல் பிரிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பிரியாது என்று சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் செய்துகொண்ட 1067 பேரை ஆராய்ந்து, மெஷினால் தையலில் கசிவு கூடவில்லை என்று 2002-இல் எழுதியிருக்கிறார்கள், பிறகுதான் படித்தேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் புரோட்டீன் பவுடர் எத்தனை கரண்டி, இரும்புச்சத்து எப்போது, பி12 எப்போது பார்க்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. மெஷினுக்கு ஒரே வரி: 'சிபாப் தொடரவும்.' எதுவரைக்கும், எந்த அழுத்தத்தில், யாரிடம் காட்டுவது, ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாதம் கன்னம் ஒட்டிப்போனது. மாஸ்க் தொளதொளவென்று ஆனது. ஓரத்தில் காற்று விசில் அடித்துக்கொண்டு கண்ணுக்குள் போகும்; காலையில் கண் சிவந்திருக்கும். பட்டையை இறுக்கினார், மூக்குத்தண்டு புண்ணானது. மெஷினின் அழுத்தமோ 116 கிலோவில் வைத்த அதே 14. அவ்வளவு காற்றும் மூக்கோடு நிற்குமா? கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போனது. அந்த வயிறோ இப்போது ஒரு சின்னக் குழாய். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விடுவார். கேஸ் என்று நினைத்தோம். டயட்டீஷியனிடம் சொன்னதற்குச் சுண்டல், பயறைக் குறைக்கச் சொன்னார். மெஷினில் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ரிவ்யூவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

குறட்டையும் நின்றுவிட்டிருந்தது. "இனிமே எதுக்கு இது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் துடைத்துப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க வேண்டியதில்லை.

பதினாலாவது மாதம் சென்னையிலிருந்து திருச்சிக்குத் திரும்பும்போது, பாடாலூர் பக்கம் கார் ரோட்டோர வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியது. பட்டப்பகல். நான் கத்திய பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். அன்று ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குறட்டை இல்லை. ஆனால் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குகின்றன, மூக்கில் விரல் வைத்தால் காற்று வரவில்லை. அப்புறம் சின்னதாக ஒரு விக்கல் மாதிரி. திரும்பிப் படுத்துக்கொண்டார். முன்பாவது சத்தம் என்னை எழுப்பும்.

மறுபடி ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். 19.

நுரையீரல் மருத்துவருக்கு ஆச்சரியமே இல்லை. 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வெளியான கட்டுரை ஒன்று இருக்கிறது: எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன் அந்த எண் சராசரி 54.7, பின் 15.8. பெரிய இறக்கம்தான், ஆனாலும் 15-க்கு மேல் நடுத்தர ஆப்னியா. எடை குறைந்தால் கழுத்துக் கொழுப்பு கரையும். தாடை எலும்பும் தொண்டையின் அமைப்பும் அப்படியேதான் இருக்கும். அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் மெஷினை 6-க்கும் 10-க்கும் நடுவில் வைத்தார், ஒரு சைஸ் சின்ன மாஸ்க் கொடுத்தார். ஒரே வாரத்தில் 'கேஸ்' போய்விட்டது. அவ்வளவுதான் வைத்தியம்.

சிபாப் போடுகிறவர்களுக்கு 10 சதவீதம் எடை குறைந்தாலே மறுபடி பரிசோதித்து, பழைய அழுத்தம் இன்னும் வேண்டுமா என்று பார்க்கச் சொல்லி அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2005-லேயே வழிகாட்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்த 10 சதவீதத்தை இரண்டாம் மாதமே தாண்டிவிட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 35-க்கும் 40-க்கும் நடுவில் இருப்பவருக்கு இந்த ஆபரேஷன் கிளெய்ம் கிடைக்க, காப்பீட்டு ஆணையத்தின் விதி சில நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது. கடுமையான ஸ்லீப் ஆப்னியா அதில் ஒன்று. இவருக்கு அப்போது பி.எம்.ஐ. 38. அதனால் முதல் ஸ்லீப் ஸ்டடிக்கு எல்லாரும் பறந்தார்கள், ரிப்போர்ட்டுக்கு மூன்று ஜெராக்ஸ் வாங்கினார்கள். இரண்டாவதை ஒருவரும் கேட்கவில்லை. வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனால் பாலிசியில் வராது என்பதால் அது எங்கள் கைக்காசு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பி12-க்குத் தேதி எழுதும் அதே தாளில் அடுத்த ஸ்லீப் ஸ்டடிக்கும் ஒரு தேதி எழுதுங்கள். ரிவ்யூவுக்கு வரும்போது மெஷினின் மெமரி கார்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று கசிந்தது எல்லாம் அதில் இருக்கிறது. கூட வந்திருக்கும் மனைவியையோ கணவரையோ உள்ளே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கவுன்சலிங்கில் "ஆபரேஷன் பண்ணினா மெஷின் தேவைப்படாது" என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படாது, சரி. அது டெஸ்ட் எடுத்தால்தானே தெரியும்?

எடை திரும்பினால் ஆப்னியாவும் திரும்பும் என்பதையும் அப்போதே சொல்லிவையுங்கள். எடை 10 சதவீதம் கூடினால் ஸ்லீப் ஸ்டடி எண் ஏறக்குறைய 32 சதவீதம் ஏறும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஆய்வு 2000-இல் கணக்குச் சொன்னது. தீபாவளி முடிந்ததிலிருந்து இவர் மூன்று கிலோ ஏறியிருக்கிறார். பொங்கல் கழித்து ஸ்லீப் ஸ்டடிக்கு நாங்களே தேதி வாங்கிவிட்டோம். அந்த ரிப்போர்ட்டை எங்கள் சர்ஜனிடமும் கொண்டுபோய்க் காட்டுவோம், அவர் கேட்காவிட்டாலும்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மனைவி,
திருச்சி.