"களைக்குது" எண்டா என்னெண்டு முதல்ல படிப்பியுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருகோணமலை உப்புவெளியில இருக்கிறன். முப்பது வருசத்துக்கு மேல வார்ட்டில தாதியா வேலை செய்து பென்சன் எடுத்த ஆள். இப்ப பின்னேரத்தில எங்கட வீட்டு விறாந்தையில ஆறு பிள்ளையள் வந்து படிக்கினம், எல்லாரும் பராமெடிக் கோர்ஸ் செய்யிற ஆக்கள், ஒரு பிள்ளை மூதூர், ரெண்டு பேர் கிண்ணியா, மிச்ச ஆக்கள் ரவுணுக்குள்ள. நல்ல பிள்ளையள். ராத்திரி பகல் பாராமல் படிக்கினம், ஆனா படிக்கிற விதத்தைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு, அதுதான் இதை எழுதிறன்.

போன மாசம் அதில ஒரு தம்பி பயிற்சிக்குப் போன இடத்தில நடந்தது இது. எந்த இடம் எண்டு சொல்லேல்ல, அது தேவையுமில்ல. ஒரு வயசான அம்மாவை அம்புலன்ஸில ஏத்தப் போயிருக்கினம். அவ சொன்னது ஒரே சொல்தான், "களைக்குது மனே, களைக்குது". தம்பி ஃபோர்மில இங்கிலீசில "உடல் சோர்வு" எண்ட கருத்தில எழுதியிருக்கிறான், அவனில பிழையும் இல்ல, வேலை செய்து களைச்சுப் போனன் எண்டும் நாங்கள் சொல்லுறனாங்கள்தானே. சோர்வு எண்டா படுக்க வைக்கிறதுதானே எண்டு ஸ்ட்ரெச்சரில மல்லாக்கப் படுத்தியாச்சு. படுத்து ஒரு நிமிசம் இல்ல, அவ எழும்பி அவன்ர சேர்ட்டைக் கையால பிடிச்சு இழுத்திருக்கிறா, வாயில நுரை, உதடு நீலம். நல்ல காலம் கூடப் போன மூத்தவர் ஓடி வந்து நிமித்தி இருத்தி, காலைத் தொங்கப்போட்டு, ஒக்சிஜன் குடுத்திருக்கிறார்.

எங்கட பக்கத்தில வயசான ஆக்கள் களைக்குது எண்டா அது மூச்சு வாங்குது எண்டுதான் அர்த்தம். அந்த அம்மாவுக்கு இதயத்தின்ர இடப்பக்கம் பலமில்லாமல் பம்ப் பண்ண ஏலாமல் போக, ரத்தம் பின்னுக்குத் தேங்கி சுவாசப்பைக்குள்ள தண்ணி கசிஞ்சிருக்கு. படுத்தால் காலில நிண்ட ரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பி வரும், தண்ணி இன்னும் கூடும். இருத்தி காலைத் தொங்கப்போட்டா அந்த ரத்தத்தில கொஞ்சம் கீழ நிக்கும், மூச்சு விட ஏலும். வீட்டில "எத்தினை தலகாணி வச்சுப் படுக்கிறவ" எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தாலே, படுத்தா அவவுக்கு மூச்சு முட்டுது எண்டு விளங்கியிருக்கும். அண்டைக்குப் பின்னேரம் அந்தத் தம்பி வந்து என்ர விறாந்தையில இருந்து அழுதவன். இதயத்தில நாலு அறை, நாலு வால்வு, எந்த வால்வு எங்க, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அந்த அம்மான்ர வாயில வந்த சொல்லை ஆரும் அவனுக்குப் படிப்பிக்கேல்ல.

ஆசிரியர் ஐயா, எங்கட பிள்ளையள் ஒரு உடம்பை நாலு பாஷையில படிக்கினம். பள்ளிக்கூடத்தில வாதனாளி (மூச்சுக் குழாய்), களம் (சாப்பாடு இறங்கிற குழாய்), பிரிமென்றகடு (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற மூச்சுத் தசை) எண்டு படிச்சவை. கோர்ஸில எல்லாம் இங்கிலீசு. விளங்காட்டி யூடியூபில இந்திய வீடியோ பாக்கினம், அதில உதரவிதானம் எண்டுறாங்கள், பிள்ளைக்கு அதுவும் பிரிமென்றகடும் ஒண்டுதான் எண்டு தெரியேல்ல. இதயத்தில இருந்து ரத்தம் கொண்டு போற குழாயையும் திருப்பிக் கொண்டு வாற குழாயையும் நாங்கள் நாடி நாளம் எண்டுறதை அங்க தமனி சிரை எண்டுறவை. இதுக்குள்ள ஊர்ச்சனம் நாடி எண்டா கையில பிடிச்சுப் பாக்கிற பல்ஸ். ஒரு பிள்ளை என்னட்டைக் கேட்டது, "மிஸ், நாடி வெட்டுப்பட்டா நாடி இருக்குமோ" எண்டு. பிள்ளையில பிழை இல்ல.

1847ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில இருந்து தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர், அங்காதிபாதம் (உடம்பின்ர அமைப்பு), சுகரணம் (உடம்பு வேலை செய்யிற விதம்) எண்டு புத்தகங்களே தமிழில வந்தது. அந்தச் சொல்லுகளைத் திரும்பக் கொண்டுவாங்கோ எண்டு நான் கேக்கேல்ல. பிள்ளையள் இங்கிலீசுச் சொல்லும் கட்டாயம் படிக்க வேணும், டொக்டரோட கதைக்க அது வேணும். ஆனா அந்தக் காலத்திலயே செய்தவை, இப்ப ஏன் ஏலாது?

நான் என்ன செய்யிறனான் எண்டா, இறைச்சிக் கடையில சொல்லிவச்சு ஆட்டுச் சுவாசப்பையை வாதனாளியோட வெட்டாமல் வாங்கிறது. தாம்பாளத்தில வச்சு, குழாயை உள்ள விட்டு சைக்கிள் பம்பால மெதுவாக் காத்தடிச்சா, சுருங்கிக் கறுத்துக் கிடந்தது அப்பிடியே ரோஸ் நிறத்தில பொங்கி வரும், பிள்ளையள் வாயைப் பொத்திக்கொண்டு பாப்பினம். விட்டா தானாச் சுருங்கும். மூச்சு உள்ள எடுக்கத்தான் தசை வேலை செய்யுது, சும்மா இருக்கேக்க வெளிய போறது சுவாசப்பை தானாச் சுருங்கிற அந்த இழுவையாலதான் எண்டு அதுக்குப் பிறகு ஆரும் மறக்க மாட்டினம். ஆட்டுக்கு வலப்பக்கம் ஒரு கிளை மேலயே தனியாப் பிரியும், மனுசருக்கு அப்பிடி இல்ல, அதையும் காட்டிச் சொல்லிவிடுறனான். மனுசருக்கு வலப்பக்கக் கிளை அகலம், நேராக் கீழ போகுது, அதாலதான் சின்னப் பிள்ளைக்குப் புரைக்கேறின கச்சான் கொட்டை கூடுதலா வலப்பக்கம் போய் நிக்கும்.

பிறகு தொடை. நிலாவெளி ரோட்டில மோட்டச்சைக்கிள் விழுறது புதினமில்ல. வெளியால ஒரு சொட்டு ரத்தம் இல்ல, பெடியன் கதைக்கிறான், பிரஷர் 120, எல்லாரும் ஓகே எண்டு நினைப்பினம். தொடை எலும்பு முறிஞ்சா தசைக்குள்ளயே ஒரு லீட்டர், ஒண்டரை லீட்டர் ரத்தம் தேங்கும், வளந்த ஆளின்ர உடம்பில இருக்கிறதே கிட்டத்தட்ட 5 லீட்டர். இளம் உடம்பு ரத்தக் குழாயை இறுக்கி, இதயத்தை வேகமா அடிச்சு பிரஷரைப் பிடிச்சு வச்சிருக்கும், 30 வீதம் அளவில போற வரைக்கும் மெஷின் நல்லதாக் காட்டும், பிறகு ஒரேயடியா விழும். அதுக்கு முதலே சொல்லுறது கைதான். கை குளிர்ந்து வேர்த்திருக்கும், பல்ஸ் 120, 130 எண்டு ஓடும், நகத்தை அமத்தி விட்டா சிவப்பு திரும்பி வரப் பிந்தும். நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது மெஷினைக் கட்டுறதுக்கு முதல் கையைப் பிடி எண்டுதான்.

வெருகல், கந்தளாய்ப் பக்கம் வயல்காரர் நிலத்தில படுத்திருக்கேக்க கட்டு விரியன் கடிக்கும், கடிச்சதே தெரியாது, வீக்கமும் இருக்காது. "கண் திறக்க ஏலாமல் கிடக்கு, நித்திரை வருது" எண்டுதான் ஆள் சொல்லும். நரம்பு தசைக்குச் சொல்லுற இடத்தில நஞ்சு அடைக்குது, முதல் இமை, பிறகு விழுங்கிறது, கடைசியா பிரிமென்றகடு. ஆளுக்கு நினைவு இருக்கும், இதயம் அடிக்கும், மூச்சுத்தான் நிண்டு போகும், அந்த நேரம் முகமூடி பூட்டின காத்துப் பேக்கை அமத்தி மூச்சுக் குடுத்துக்கொண்டு போனா ஆள் தப்பும். புல்மோட்டை, வெருகல் எல்லாம் ரவுணுக்கு எவ்வளவு தூரம் எண்டு உங்களுக்குத் தெரியும், அந்த ரோட்டு முழுக்க அம்புலன்ஸின்ர பின் பக்கத்தில டொக்டர் இல்ல, இந்தப் பிள்ளையள்தான் இருக்கினம்.

அதால கோர்ஸ் நடத்துற ஆக்களிட்டை நான் கேக்கிறது ரெண்டு. ஒண்டு, ஒவ்வொரு பாடத்தோடயும் நோயாளி சொல்லுற சொல்லுப் பட்டியல் ஒண்டு குடுங்கோ. முட்டு, தொய்வு, இழுப்பு, உளைவு, கடுப்பு, விறைப்பு, நெஞ்சு இறுக்குது, பாரிசவாதம், சீனி குறைஞ்சு போச்சு, இதெல்லாம் உடம்பில எங்க என்ன நடக்கிறதால வருது எண்டு பக்கத்தில இங்கிலீசுச் சொல், பள்ளிக்கூடத் தமிழ்ச் சொல், சிங்களச் சொல் எல்லாம் போட்டு. எங்கட மாவட்டத்தில மூண்டு சமூகமும் ஒரே அம்புலன்ஸில போற ஆக்கள், கிண்ணியாவில சொல்லுற சொல் வேற, சேருவிலயில சொல்லுற பாஷையே வேற. மற்றது, எக்ஸாமில எலும்பு எத்தினை எண்டு கேக்கிறதோட ஒரு ஆளைக் கொண்டுவந்து இருத்தி வச்சு, அவர் சொல்லுறதைக் கேட்டு உள்ளுக்க என்ன நடக்குது எண்டு சொல்லு எண்டும் கேளுங்கோ.

உங்கட பத்திரிகையிட்டையும் ஒண்டு கேக்கிறன். கிழமைக்கு ஒருக்கா ஒரு சின்னப் பெட்டி, ஒரு உறுப்பு, ஒரு படம், அதுக்குரிய நாலு சொல். நான் இதுவரைக்கும் ஒரு சி.ஆர். கொப்பியில இருநூறு சொல்லுக்கு மேல எழுதி வச்சிருக்கிறன், கிண்ணியாப் பிள்ளையள் சொன்னதும் மூதூர்ப் பிள்ளை சொன்னதும் தனித்தனியா. முதல் பக்கத்தில களைப்புத்தான் இருக்கு. வேணுமெண்டா போட்டோக் கொப்பி அடிச்சு அனுப்பிவிடுறன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.